நாற்பத்தொன்று

என் மனைவி விசாலத்தின் மார்பிலிருந்து எடுத்த கடுகளவு சதையின் விலை, ஆராய்ச்சிக்கான சம்மதத் தாளில் என் ஒரு கையெழுத்து. துணிக்கடைக்காரன் நான், பேரம் பேசாமல் போட்டுக் கொடுத்தேன். அந்தப் புற்றுச் செல்கள் இப்போது ஆய்வுக்கூடத்துக் கண்ணாடித் தட்டில் நகர்கின்றன. ஐந்து நிமிடத்துக்கு ஒரு படமெடுத்து, ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்து, போன வழியை வண்ணக் கோடாக வரைகிறது கணினி.

“நாற்பத்தொண்ணாம் நம்பர் சரியான சேட்டை, அக்கா. கொஞ்சம் போகும், நிக்கும், திரும்பிப் பாக்கும்” என்றான் ஆய்வாளன் எட்வின், எங்களுக்குத் திரையைக் காட்டி.

“கடைத்தெருவுல நான் நடக்கிறதப் பாத்தீங்களா தம்பி?” என்று சிரித்தாள் விசாலம். என்னிடம் அப்படிச் சிரித்து நாளாயிற்று.

இருபத்திரண்டு வருடமாக அவளோடு கடைத்தெருவில் நடக்கிறேன், எப்போதும் பத்தடி முன்னால். அவள் நின்று திரும்பிப் பார்ப்பாள் என்பதே எனக்குத் தெரியாது.

திரையில் மொத்தம் 212 என்றிருந்தது. கடைசிப் படம் வரை கோடு வந்தவை 209.

“மிச்சம் மூணு எங்கய்யா?”

“படத்தோட விளிம்பத் தாண்டிட்டா எனக்கும் தெரியாது சார்.”

அவனுக்கும் தெரியாதது ஒன்று உண்டு என்றதில் ஒரு நொடி மனம் குளிர்ந்தது. பிறகு விசாலத்தைப் பார்த்தேன். தட்டில் கணக்கு வராதவை மூன்று. அவளுக்குள் இருப்பவற்றுக்கு இன்னும் எண்ணே போடவில்லை.