துவக்குத் தொடாத மனுசன்

“அம்மா இருக்கிறா, நான் இருக்கிறன், நீ இருக்கிறாய். வெளியாக்கள் ஒருத்தரும் இல்லை. இப்ப சொல்லு, ஆமியோ, சிவிலோ?” என்று வாமதேவன் மகனைக் கேட்டார்.

ரூ பஜோல் தெரு வீட்டின் சாப்பாட்டு மேசையில் மிதுசனின் கைபேசி கிடந்தது. திரையில் படிவம். விரும்பினால் பத்து மாதம் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருக்கலாம். இல்லையென்றால் ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் என்று சிவில் சேவை. இன்றைக்குக் கடைசி நாள்.

“ஆமிதான். பப்பா, இது விருப்பப்பட்டுப் போறது. ஒருத்தரும் பிடிச்சுக்கொண்டு போகேல்லை.”

“அங்கை வன்னியிலை இயக்கக்காரரும் முதலிலை விருப்பமெண்டுதான் கேட்டவங்கள்,” என்றாள் கோசலை. “பிறகு வீட்டுக்கு ஒராள் எண்டாங்கள். என்ரை தம்பிக்குப் பதினாறு வயசு. கொண்டுபோய் எட்டாம் நாள் செத்தான்.”

அதற்கு மேல் அவள் யாரிடமும் சொன்னதில்லை. அழுது முடித்து இருபது வருடமாகிறது.

“கொப்பாவைப் பார். வன்னிக்குள்ளை இருந்தும் துவக்கைத் தொடேல்லை.” இதைக் கேள்விப்பட்டுத்தான் அவரைக் கட்டச் சம்மதித்தாள்.

“சிவில் எண்டா பேப்பர் அடுக்கிற வேலை. அதுவும் ஒரு சேவையோ?” என்றான் மிதுசன்.

வாமதேவனுக்குச் சுருக்கென்றது. “பேப்பரெண்டா லேசோ? ஆயுதம் தூக்கமாட்டன் எண்டு சொன்னதாலை, தருமபுரத்திலை குடும்ப அட்டை சரிபார்க்க இயக்கம் என்னை விட்டது. சனம் பிள்ளையளை ஒளிச்சு வைக்கும். நான் ஒரு கேள்வி கேக்கமாட்டன். கொடியிலை காயிற உடுப்பைப் பாத்திட்டு வந்திடுவன். மனுசி தனிய இருக்கிற வீட்டிலை பெடியன்ரை காற்சட்டை காய்ஞ்சா, அட்டையிலை ஒரு புள்ளி. அவ்வளவுதான். ஒருத்தருக்கும் கை நீட்டினதில்லை.”

“பப்பா சி.ஐ.டி!” மிதுசன் சிரித்தான்.

கோசலை எழுந்து அவருடைய ஜாக்கெட்டை எடுத்து நீட்டினாள்.

“கடைக்கோ? என்ன வேணும்?”

“ஒண்டும் வேண்டாம்.” வாசல்வரை கூட வந்தாள். அவர் படியில் கால் வைத்ததும் சொன்னாள்:

“தருமபுரத்திலை தனிய இருந்தது என்ரை சின்னம்மா. தம்பியின்ரை காற்சட்டையைத் தோய்ச்சுக் காயப்போட்டது நான்.”

கதவைச் சாத்தி, இரண்டு தரம் பூட்டினாள்.