பழுதான லிஃப்ட்

"மாப்பிள்ளை, அந்தச் சத்தத்தைக் கொஞ்சம் குறைங்களேன். சமையலறையில தட்டெல்லாம் தாளம் போடுது!"

கதவுக்கு வெளியே மாமியார். உள்ளே கண்ணாடிக்காரர். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பதால் அந்தப் பெயர். ஊரார் கண்ணுக்கெல்லாம் பவர் பார்த்துச் சொல்பவர், அவர்கள் காதையும் தானே பார்த்துத் திருத்த வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

"அத்தை, இது சத்தம் இல்லை. 'பழுதான லிஃப்ட்'!"

"எனக்கும் அப்படித்தான் கேட்டுது."

'பழுதான லிஃப்ட்' ஒரு ராக் இசைக்குழு. பதினோரு வருஷமாகப் பாடுகிறார்கள். பேருக்கேற்ற மாதிரி மேலே ஏறவேயில்லை. அதனாலேயே கண்ணாடிக்காரருக்கு அவர்கள் மேல் உயிர்.

சனிக்கிழமைதோறும் ஐந்து மணிக்கு அவர் அறையில் சங்கம் கூடும். பல் டாக்டர், இன்ஷூரன்ஸ்காரர், கண்ணாடிக்காரர் என்று மூன்றே உறுப்பினர்கள். வாரம் ஒருவர், உலகம் கண்டுகொள்ளாத ஒரு குழுவை அறிமுகம் செய்ய வேண்டும். மற்ற இருவரில் ஒருவர் அதை முன்பே கேட்டிருந்தால் போச்சு, மானம் கப்பலேறிவிடும். ஒருமுறை பல் டாக்டர் கொண்டுவந்த குழுவின் பாட்டு சோப்பு விளம்பரத்தில் வந்துவிட்டது. பாவம், மனுஷன் மூன்று வாரம் தலைகாட்டவில்லை.

அன்றைக்குக் கண்ணாடிக்காரர் கைபேசியைப் பார்த்துக் குரல் தழுதழுக்கப் படித்தார். 'பழுதான லிஃப்ட்' இந்த ஊருக்கே வருகிறது! அடுத்த சனிக்கிழமை, நூலகத்துக்குப் பின்னால் இருக்கும் சின்ன அரங்கத்தில். கூடவே ஒரு வரி: "நாற்பது பேராவது வந்தால் தொடர்வோம். இல்லையென்றால் இதுவே எங்கள் கடைசிக் கச்சேரி."

"நாலு பேர்கூட வரமாட்டான், பாருங்க!" என்று இன்ஷூரன்ஸ்காரர் பல்லைக் கடித்தார். பல் டாக்டர் அந்தப் பல்லைக் கவலையோடு பார்த்தார்.

காபி கொண்டுவந்த மாமியார் தட்டோடு நின்றுவிட்டார். "ஏன் மாப்பிள்ளை, நல்லாப் பாடறாங்கன்னுதானே சொல்றீங்க? அப்புறம் ஏன் வரமாட்டாங்க?"

"அதுக்கு ரசனை வேணும் அத்தை. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை?"

சொல்லும்போது அவர் பார்வை அத்தை பக்கம் போனது தற்செயல்தான்.

"எத்தனை மணிக்காம்?"

"அஞ்சு மணிக்கு. உங்களுக்கு எதுக்கு அதெல்லாம்?"

அடுத்த சனிக்கிழமை, ஐந்து மணி. மூவரும் ஆஜர். அரங்கத்தில் அல்ல, அதே அறையில்.

"அந்த அரங்கத்துல எதிரொலி ஜாஸ்தி. கிடார் நுணுக்கமெல்லாம் போயிடும்" என்றார் பல் டாக்டர்.

"நாற்காலி வேற போட்டிருக்காங்களாம். உட்கார்ந்து கேட்டா அது ராக்கா?" என்றார் இன்ஷூரன்ஸ்காரர்.

"எல்லாத்தையும் விடுங்க, சனிக்கிழமை நம்ம கூட்டம். சங்கம்னா ஒரு ஒழுங்கு வேணும்" என்று கண்ணாடிக்காரர் முடித்துவைத்தார். வெளியே தூறலும் ஆரம்பித்திருந்தது. அவர் மனசுக்குள் இன்னொரு பயமும் இருந்தது. ஒருவேளை அரங்கம் நிரம்பிவிட்டால்? ஊரே கேட்கிற குழுவை வைத்துக்கொண்டு அப்புறம் என்ன செய்வது?

ஆகவே, 'நல்ல இசைக்கு ஜனங்கள் ஏன் வருவதில்லை?' என்ற தலைப்பில் இரண்டு மணி நேரம் அனல் பறந்தது. காபி வரவில்லை. கதவும் தட்டப்படவில்லை.

"இன்னிக்கு உங்க அத்தை ஒண்ணும் சொல்லலையே? அவங்களுக்கே ரசனை வந்துடுச்சா?" என்று பல் டாக்டர் கேட்க, மூவரும் சிரித்தார்கள்.

ஏழரைக்கு வாசல் கதவு திறந்தது. மாமியார் உள்ளே வந்தார். கையில் நனைந்த குடை, இரண்டு காதிலும் பஞ்சு. மணிக்கட்டில் அரங்கத்து வாசலில் கட்டிவிடும் மஞ்சள் காகிதப்பட்டை.

"அத்தை... எங்கே போயிட்டு வர்றீங்க?"

மாமியார் பஞ்சை எடுத்தார். "உங்க லிஃப்டுக்குத்தான். யாருமே வரமாட்டாங்கன்னு அன்னிக்கு அழாத குறையாச் சொன்னீங்களே, மனசு கேட்கல. பஞ்சு மட்டும் வெச்சுக்கிட்டேன், தப்பா நினைக்காதீங்க."

"எத்தனை பேர்... வந்திருந்தாங்க?"

"என்னையும் சேர்த்து ஆறு. அதுல ஒருத்தர் விளக்குப் போடறவர்."

மாமியார் முந்தானையால் தலையைத் துவட்டிக்கொண்டே தொடர்ந்தார்.

"பாடற பிள்ளை நடுவுல இறங்கி வந்து, 'எப்படிம்மா எல்லாப் பாட்டும் கூடவே பாடறீங்க?'ன்னு கேட்டுது. மூணு வருஷமாச் சுவர் வழியாக் கேட்கிறேன், வராதா பின்ன? எங்க மாப்பிள்ளைக்கு நீங்கன்னா உசுருப்பான்னு சொன்னேன். அது முகத்தைப் பார்க்கணுமே! 'அவர் எங்கேம்மா?'ன்னு வாசலையே பார்த்துது."

கண்ணாடிக்காரருக்கு அவமானமாக இருந்தது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார். "நீங்க என்ன சொன்னீங்க?"

"உள்ளதைச் சொல்ல முடியுமா? கடுமையான ஜுரம், எழுந்திருக்கவே முடியலைன்னு சொல்லிட்டேன்."

மாமியார் குடையை மூலையில் சாத்தினார்.

"இதோட கலையறாங்களாம், மாப்பிள்ளை. கடைசிப் பாட்டை உங்களுக்காகத்தான் பாடினாங்க, சீக்கிரம் குணமாகணும்னு."