ஹால் வளைவு

ஆடுகோடியில் தன் வீட்டு ஹாலில் இருந்த சுவர் வளைவை இடித்து நேராக்க நினைத்த ப்ரஹ்லாத், பழைய பிளானைத் தேடிக் கட்டட ஆவணக் காப்பகத்துக்கு வந்தார். அங்கே வேலை பார்க்கும் இளவேனில் அதை எடுத்து விரித்தாள். வளைவுக்குள் ஒரு வட்டம் இருந்தது. பக்கத்தில், 'இங்கே இருக்கும் புங்கமரத்தை வெட்டக் கூடாது' என்ற குறிப்பு.

"எவ்ளோ அழகு சார்! இத வரைஞ்சவரு சுவர வளைச்சு, மரத்த வீட்டுக்குள்ளயே வாங்கிக்கிட்டாரு."

"ஹொங்கே மரமா?" புங்கத்தைக் கன்னடத்தில் சொன்னார் ப்ரஹ்லாத். "அங்க எப்பவுமே மரம் இருந்ததில்ல மேடம். மேல கான்கிரீட்."

ப்ரஹ்லாத் அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆனா தினமும் காலைல அந்த வளைவுல சருகு கூட்டுறோம். ஜன்னல் வழியா வருதுன்னு நெனச்சிட்டிருந்தோம்."

"அப்போ சுவர இடிக்கணுமா சார்?"

"வேணாம் மேடம். ஒரு வாரமா சருகோட பூவும் கூட்டுறோம். மரம் இப்ப பூ விட்டிருக்கு."