அரைக் கிலோ மரியாதை

“முதல் நிலையிலயும் கோட்டை விட்டுட்டீங்க, ரெண்டாம் நிலையிலயும் கோட்டை விட்டுட்டீங்க. இப்ப மூணாம் நிலையில வந்து நிக்கிறீங்க!”

டாக்டர் பிரிஸ்கில்லா மேசை மேலிருந்த அட்டைப்பெட்டியை ஓரமாகத் தள்ளிவிட்டு, ரிப்போர்ட்டை விரித்தார். சர்க்கரை முந்நூற்று நாற்பது.

சிவபாண்டி தன் வலது கால் கட்டைவிரலைப் பார்த்தார். புதுச் செருப்பு கடித்த புண். மூன்று வாரமாக ஆறவில்லை.

“விரல் தப்புமா டாக்டரம்மா?” அவர் மனைவி நாகஜோதிக்கு அழுகை முட்டியது.

“இனிமேலாவது சொன்னபடி கேட்டா தப்பும். நோயே வராம பாத்துக்கிறது முதல் நிலை. வந்தா...”

“ஆரம்பத்துலயே டெஸ்ட் எடுத்துக் கண்டுபிடிக்கிறது ரெண்டாம் நிலை. முத்திப்போயி காலு, கண்ணு, கிட்னி கெடாம காப்பாத்துறது மூணாம் நிலை” என்று முடித்துவைத்தார் சிவபாண்டி. அவர் வாய் சும்மா இருந்தால்தானே!

டாக்டர் நிமிர்ந்தார். “இம்புட்டும் தெரிஞ்சுமா இப்படி வச்சிருக்கீங்க? என்ன வேலை பாக்குறீங்க?”

“கேளுங்க, நல்லாக் கேளுங்க” என்றாள் நாகஜோதி.

சிவபாண்டி மின்விசிறியைப் பார்த்தார்.

“சரி, அப்பா அம்மாவுக்குச் சர்க்கரை உண்டா?”

“இல்ல.”

“இனிப்பு நிறையச் சாப்பிடுவீங்களா?”

“எங்க வீட்டுல சீனி டப்பாவே கிடையாது டாக்டரம்மா” என்று நாகஜோதி முந்திக்கொண்டாள். “காப்பியக்கூட இவிய சப்புன்னுதான் குடிப்பாக.”

“பொறவு எங்கேருந்துதான் வந்துச்சு?”

சிவபாண்டி தொண்டையைச் செருமினார். “ஸ்ரீவில்லிபுத்தூர்லருந்து.”

நாகஜோதி வெடுக்கென்று திரும்பினாள். “அங்க வேலையாத்தான போறிய? எவ குடுத்தா இனிப்பு?”

“எவளும் குடுக்கலட்டி! ஒவ்வொரு கூட்டமும் முடிஞ்சதும் ஒரு பொன்னாடை போடுவாக, அரைக் கிலோ பால்கோவா குடுப்பாக. மரியாதையாக் குடுக்கிறதை வேண்டாம்னா மனசு சங்கடப்படுவாக. வீட்டுக்குக் கொண்டாந்தா நீ வைவ. அதான், பஸ்ஸு ராஜபாளையம் வாரதுக்குள்ள முடிச்சிருவேன்.”

“அரைக் கிலோவையுமா?” என்றார் டாக்டர். “அப்படி என்ன கூட்டம்?”

சிவபாண்டியின் குரல் உள்ளே போனது.

“சர்க்கரை நோய்த் தடுப்பு விழிப்புணர்வுக் கூட்டம். எட்டு வருஷமா நான்தான் பேச்சாளர். முப்பது வயசு தாண்டுனா வருஷம் ஒருக்க டெஸ்ட் எடுங்கன்னு தொண்டை கிழியக் கத்துவேன். நான் எடுத்தது இன்னைக்குத்தான் மொதத் தடவை. சிரிக்கணும்னா சிரிச்சிருங்க டாக்டரம்மா, எனக்கே சிரிப்பாத்தான் வருது.”

நாகஜோதி தலையில் அடித்துக்கொண்டாள்.

டாக்டர் பிரிஸ்கில்லா சிரிக்கவில்லை. அவர் பார்வை மேசையோரத்து அட்டைப்பெட்டிக்குப் போனது. குணமான நோயாளிகள் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வாராவாரம் மரியாதையாகக் கொண்டுவந்து தரும் பால்கோவா. இன்றைய பெட்டியில் பாதிக்கு மேல் காலி.

“நீங்க கடைசியா எப்ப டெஸ்ட் எடுத்திய டாக்டரம்மா?” என்று பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார் சிவபாண்டி.

டாக்டர் பெட்டியை இழுப்பறைக்குள் தள்ளினார். சர்க்கரை பார்க்கும் கருவியை எடுத்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டு தன் விரலில் ஊசியைக் குத்திக்கொண்டார்.