கால்மாட்டில் மலை

மாலை வெயில் புங்கந்தோப்புக்குள் சாய்வாக இறங்கி, இரண்டு மரங்களுக்கு நடுவே இடுப்புயரத்தில் தூளியாகத் தொங்கும் பச்சைக் கூடாரத்தை விளக்குப்போல் ஏற்றி வைத்திருக்கிறது. எழிலரசிக்குப் பார்க்கப் பார்க்கத் தெவிட்டவில்லை. அவளும் தோழி சதஃபும் சேர்ந்து கட்டிய முதல் கூடாரம் இது. அதில் தங்கப்போகிறவர்களின் கார் செங்கத்தைத் தாண்டிவிட்டதாம். படுத்தபடியே வடக்கே அண்ணாமலையைப் பார்க்கலாம் என்று திசை பார்த்துக் கட்டியிருக்கிறாள். உள்ளே படுத்துப் பார்க்கும் சதஃப் கொசுவலைக்குள்ளிருந்து கூப்பிடுகிறாள். "எழிலு, என் ரெண்டு காலுக்கு நடுவுல மலை தெரியுதுடி." எழிலரசிக்குத் திக்கென்கிறது. மலையைப் பார்த்து யார் கால் நீட்டுவார்கள்? நின்றபடியே பார்த்துப் பூரித்ததில் அது உறைக்கவே இல்லை. "தலைய அந்தப் பக்கம் மாத்திடலாமா?" என்கிறாள் சதஃப். "வடக்கால தலை வெச்சா எங்கம்மாவே சண்டைக்கு வருவாங்க." சதஃப் சிரிக்கிறாள். "எங்க வீட்ல மேற்கால, தொழுவுற பக்கம் கால் நீட்டக்கூடாது. அப்ப தலைய மேற்கால வெச்சிக் கட்டு. யாருக்கும் கொறை இல்ல."

கூடாரத்தைத் தாங்கும் நாடாப் பட்டைகளை அவிழ்த்து, பக்கத்து மரங்களில் குறுக்கே இழுத்துக் கட்டுகிறார்கள். புங்கம்பூ தலையில் உதிர்கிறது. செங்கம் சாலையில் ஒரு கார் ஹாரன் அடிக்கிறது. இம்முறை எழிலரசி ஏறிப் படுக்கிறாள். கூடாரம் ஒருமுறை ஆடி நிற்கிறது. முகத்தை இடப்பக்கம் திருப்புகிறாள். வலைக்கு அந்தப் பக்கம், கூடவே படுத்திருப்பதுபோல், மலை.