எருமைக் குரலில் ஒரு பாட்டு

மிட்டாய்த்தெரு நடுவில், நட்டநடு மத்தியானத்தில், ஹம்சக்கோயாவின் பாட்டு ஒலிபெருக்கியில் எருமை கத்துவதுபோல் இழுத்துக்கொண்டு வந்தது.

அல்வாக் கடைக்காரர்கள் சிரித்தார்கள். துணி எடுக்க வந்தவர்கள் பையோடு நின்று சிரித்தார்கள். அவர் மனைவி சுஹராவுக்குக் காது மடல்வரை எரிந்தது.

இருபத்தைந்து வருடமாகக் கோழிக்கோட்டுக் கல்யாணங்களில் அந்தக் குரல் ஒலிக்காத பந்தல் குறைவு. பக்கவாதம் வந்து நாலு மாதம் ஆகிறது. இப்போது ஒரு வார்த்தை வாயில் உருண்டு வெளியே வருவதற்குள் எதிரே இருப்பவருக்குக் கொட்டாவி வந்துவிடும். நல்லவேளையாக, இந்தப் பாட்டு அதற்கு முன்பே பதிவாகிவிட்டது. வீடியோவுக்கு வாயசைத்தால் போதும்.

அந்த வாயசைப்பில்தான் வம்பு. "பார்க்க லட்சணமா ஒரு பையனைப் போட்டு எடு" என்று துபாயிலிருந்து பணம் போடுகிறவர் சொல்லிவிட்டார். அன்றைக்கு ஹம்சக்கோயா சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்தார்.

"பாட்டு... என்னுது. வாய்... எவனுதோவா?"

டைரக்டர் ஜெய்சல்தான், கோயாக்கா முகம் இல்லாமல் எடுப்பதில்லை என்று துபாய்க்காரரிடம் ஒற்றைக்காலில் நின்றான். வீட்டுக்கு வந்தான், சுலைமானி டீ குடித்தான். ஹம்சக்கோயா பேசப் பேச, பதில் சொல்லாமல் மேஜையில் விரலால் தட்டிக்கொண்டே இருந்தான். நோயாளி பேசும்போது தாளம் போடுகிறவன் என்ன மனுஷன் என்று சுஹரா அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள்.

இப்போது மிட்டாய்த்தெருப் படப்பிடிப்பில் நேரே அவனிடம் போனாள்.

"என்ன மோனே, மெஷின் கெட்டுப்போச்சா?"

"நல்லாத்தான் இருக்கு இத்தா. பாதி வேகத்துல விட்டிருக்கேன். இது என் ஸ்டைல். கோயாக்கா இதுக்குத் தக்கபடி மெதுவா வாயசைச்சுக்கிட்டு, மெதுவா நடந்து வந்தாப் போதும்."

"ஊரே சிரிக்குது. உன் ஸ்டைலைக் காட்ட வேற ஆள் கிடைக்கலையா? உங்க உம்மாவை நிறுத்திவெச்சு இந்த எருமைப் பாட்டைப் போடேன்."

"உம்மாவுக்குப் பாட வராது இத்தா."

கேமராக்காரர் கேமராவுக்குப் பின்னால் முகத்தை ஒளித்துக்கொண்டு சிரித்தார்.

"சுஹரா... விடு," என்றார் ஹம்சக்கோயா. "இப்ப... பசங்களுக்கு... ஆளுக்கொரு... பைத்தியம்."

ஒரு காலை லேசாக இழுத்து இழுத்து அவர் தெருவில் நடந்து வந்தார். வாய் அசைந்தது. எருமை கத்தியது. நல்ல வெயில்.

மூன்று வாரம் சுஹராவின் வாய் ஓயவில்லை. மீன்காரரிடம் சொன்னாள், பக்கத்து வீட்டு உம்மைபாவிடம் சொன்னாள், நாத்தனாருக்கு போன் போட்டுச் சொன்னாள். "நோயாளியை நடுத்தெருவுல கேலிப்பொருளாக்கிட்டான். உருப்படுவானா அவன்?"

வீடியோ வெளியான வெள்ளிக்கிழமை, சொந்தக்காரர்கள் எல்லாம் டிவி முன்னால் கூடிவிட்டார்கள். சுஹரா கதவோரம் நின்றாள். சிரிப்புச் சத்தம் கேட்டால் அணைத்துவிடலாம் என்று ரிமோட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

பாட்டு ஆரம்பித்தது. எருமை இல்லை. அந்தப் பழைய குரல், அதே வேகம், அதே குழைவு.

திரையில் வெள்ளைச் சட்டையில் ஹம்சக்கோயா. ஒவ்வொரு எழுத்துக்கும் உதடு கச்சிதமாக விழுந்தது. ஓர் இடத்தில்கூடப் பிசகவில்லை. அவருக்குப் பின்னால் மிட்டாய்த்தெருவே பறந்தது. ஆட்கள் எறும்பாய் ஓடினார்கள், அல்வாக் கத்தி மின்னலாய் இறங்கியது. அத்தனை ஓட்டத்துக்கும் நடுவே அவர் ஒருவர் மட்டும், ஊருக்கே ராஜாபோல, பதறாமல் பாடிக்கொண்டு வந்தார்.

"எப்படி எடுத்தாங்க இதை?" என்றாள் உம்மைபா.

நாத்தனார் மகள் சொன்னாள்: "பாட்டையும் பாதி வேகம், கேமராவையும் பாதி வேகம் வெச்சு எடுத்துட்டு, அப்புறம் ரெண்டு மடங்கா ஓட்டுவாங்க மாமி. ஊர் பறக்கிற மாதிரி இருக்கும். அதுக்காகத்தான்."

அதற்காகத்தானா? சுஹராவின் கண்ணுக்குள் மேஜையில் தட்டிய அந்த விரல் வந்து நின்றது.

"பாத்தியா?" ஹம்சக்கோயாவின் முகம் மலர்ந்திருந்தது. "நான்... எங்கயும்... தடுமாறலை. நாளைக்கே... அந்தப் பேச்சுப் பயிற்சிக்கு... போறேன்." இத்தனை மாதமாக மாட்டவே மாட்டேன் என்று அடம்பிடித்த பயிற்சி.

சுஹரா அடுக்களைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு போன் போட்டாள்.

"ஜெய்சல், அன்னைக்கு மேஜையில தட்டினியே?"



"சும்மா அளந்து பாத்தேன் இத்தா. கோயாக்கா ஒரு வார்த்தை சொல்றதுக்குள்ள பாட்டுல ரெண்டு வார்த்தை போயிடுது. அதான் பாதி வேகம்."

"நான் உன்னை ஊர் முழுக்கத் திட்டி வெச்சிருக்கேனே மோனே. ஒவ்வொரு வீடா ஏறி உண்மையைச் சொல்லிடறேன்."

"அய்யோ, வேணாம். அவர் காதுக்குப் போனா அப்புறம் பயிற்சிக்குப் போவாரா? நீங்க வழக்கம்போலத் திட்டிக்கிட்டே இருங்க."

மறுநாள் காலை. உள்ளே ஹம்சக்கோயா கண்ணாடி முன் நின்று "ம்மா... ம்மீ..." என்று பழகிக்கொண்டிருந்தார்.

உம்மைபா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டாள்: "நீ சொன்ன அளவுக்கு அந்த டைரக்டர் மோசமில்லையே சுஹரா? பிரமாதமா எடுத்திருக்கானே?"

சுஹரா தொண்டையைச் செருமிக்கொண்டாள். உள்ளே கண்ணாடிவரை கேட்கும்படி உரக்கச் சொன்னாள்:

"அவனுக்கு என்ன தெரியும்? என் மாப்பிள்ளை ஒழுங்கா வாயசைச்சாரு, அவன் பிழைச்சான்."