ஏணியில் இறங்கும் அம்மா

சுற்றுலாவின் மூன்றாம் நாள் காலை, திமிங்கலம் பார்க்கக் கிளம்பி வந்த படகு, பயணிகள் இறங்கி நீந்திப் பார்ப்பதற்காக எஞ்சினை அணைத்துவிட்டுப் பவளப்பாறைகளுக்கு மேல் மிதக்கிறது. இந்த இரண்டு நாளும் மகன், மருமகள் இருவரின் துண்டும் செருப்பும் கண்ணாடியும் அம்மாவின் மடியில்தான் கிடந்தன. இப்போது அவள் எல்லாவற்றையும் ஈரப் பலகைமேல் போட்டுவிட்டு, மிதவைச் சட்டைக்குள் கைகளை நுழைத்து, நீர்க்கண்ணாடியின் ரப்பர் பட்டையை நரைத்த கொண்டைக்கு மேல் இழுத்து மாட்டுகிறாள். "உனக்கு எதுக்கும்மா இந்த வேலை? பேசாம உட்காரு. எல்லாரும் பாக்குறாங்க" என்கிறான் மகன். "பாக்கட்டும். திமிங்கலத்தைக் காசு குடுத்துப் பாக்குறாங்க, என்னைச் சும்மா பாத்துட்டுப் போகட்டும். நான் என்ன உங்க துணிக்கொடியா?" மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். ஏணிக் கம்பி வெயிலில் சுடுகிறது. அம்மா கையை எடுக்காமல் ஒவ்வொரு படியாக இறங்குகிறாள். இடுப்புவரை நனைந்த சேலை குடைபோல் விரிகிறது. நீர்க்கண்ணாடியோடு இணைந்த, மூச்சுவிடும் குழாயைக் கடித்துக்கொண்டு முகத்தைத் தண்ணீருக்குள் கவிழ்க்கிறாள். கீழே, வெளிச்சம் நெளியும் பாறைமேல் மஞ்சள் மீன்கள் கூட்டமாகத் திரும்புகின்றன. "அம்மா, போதும், ஏறி வா!" மகன் கத்துகிறான். தண்ணீரிலிருந்து ஒரு கை மட்டும் மேலே எழுந்து, பொறு என்று காட்டிவிட்டு, மறுபடி உள்ளே போகிறது.